கடைசி இலக்கம் எங்கே போனது?

எக்ஸெல் செல் ஒன்றில் 1234567890123456 என 16 இலக்கங்களை டைப் செய்து என்டர் தட்டுங்கள். 1.23457E+15 எனத் தெரியும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் இதைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். இது வெறும் தோற்றம். ஜெனரல் பார்மட்டில் 11 இலக்கத்துக்கு மேல் போனால் எக்ஸெல் இப்படிச் சுருக்கிக் காட்டும். 12 இலக்க ஆதார் எண்ணுக்கும் இதே கதைதான். கண்ட்ரோல் + 1 அழுத்தி, நம்பர் என்பதைத் தேர்ந்தெடுத்து, டெசிமல் இடத்தை 0 ஆக்கினால் சரியாகிவிடும். ##### என வந்தால் காலத்தின் அகலம் போதவில்லை, அவ்வளவே.

பதற வேண்டிய இடம் வேறு. அதே செல்லைத் தேர்ந்தெடுத்து மேலே பார்முலா பாரைப் பாருங்கள். 1234567890123450 என இருக்கும். கடைசி 6 போய், அங்கே 0 வந்து உட்கார்ந்திருக்கிறது. எச்சரிக்கை இல்லை, ஒரு பீப் ஒலி கூட இல்லை.

எண்களை 8 பைட்டில் வைக்கும் ஐ.இ.இ.இ. 754 என்ற 1985-ஆம் ஆண்டு தர நிர்ணயத்தை எக்ஸெல் பின்பற்றுகிறது. அதனால் 15 இலக்கம்தான் அதன் எல்லை. கணக்குப் போட இது தாராளம். 2024-25 மத்திய பட்ஜெட் சுமார் 48 லட்சம் கோடி ரூபாய். அதை முழுதாக எழுதினாலே 14 இலக்கம்தான் வரும். ஆனால் வங்கிக் கணக்கு எண்களை யாராவது கூட்டிப் பார்ப்பார்களா? அது இலக்கங்களால் எழுதப்பட்ட ஒரு பெயர். டெபிட் கார்டு எண் 16 இலக்கம். சில வங்கிகளின் கணக்கு எண்ணும் அப்படியே. மகளிர் குழுவுக்குப் பணம் அனுப்பும் பட்டியலில் ஓர் இலக்கம் மாறினால், அப்படி ஒரு கணக்கு இல்லாதவரை பணம் திரும்பி வரும். இருந்துவிட்டால்?

"ஹெல்ப் பக்கத்தில் எழுதியிருக்கிறதே" என்பார்கள் என் துறை நண்பர்கள். எனக்கு இது ஏற்புடையதல்ல. கொடுத்த தகவலை மாற்றும் முன் கேட்பதுதான் சாப்ட்வேருக்கு அழகு. 2023-ல் மைக்ரோசாப்ட், இந்த மாற்றத்தை நிறுத்தும் வசதியைப் பைல் – ஆப்ஷன்ஸ் – டேட்டா பகுதியில் தந்தது. அதையும் நாமே தேடிப் போய்த்தான் டிக்கை எடுக்க வேண்டும். பழைய பதிப்புகளில் அதுவும் இல்லை.

ஆகவே டைப் செய்யும் முன்பே அந்தக் காலம் முழுவதையும் தேர்ந்தெடுத்து, டெக்ஸ்ட் பார்மட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஓரிரு எண்கள் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி (') போட்டு டைப் செய்தால் போதும். பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது. செல்லின் மூலையில் ஒரு பச்சை முக்கோணம் தோன்றி, "எண்ணாக மாற்றட்டுமா?" என ஆசை காட்டும், கிளிக் செய்துவிடாதீர்கள், மீண்டும் 0 வந்துவிடும்.

மெயிலில் வரும் சி.எஸ்.வி. பைலை டபுள் கிளிக் செய்து திறந்தாலும் இதே கதிதான். அப்படியே சேவ் செய்தால் ஒரிஜினலும் போய்விடும். டேட்டா டேபின் வழியாக இம்போர்ட் செய்து, அந்தக் காலத்தை டெக்ஸ்ட் எனக் குறித்த பிறகே உள்ளே கொண்டு வாருங்கள்.