கருவி இல்லை என்னும் சாக்கு

மேலைநாட்டுப் பெரும்பொறிகளைக் கொண்டு நிகழ்த்தப்படும் ஆராய்ச்சிகள் எமக்கு எதற்கு என்று வினவுவோர் எமது பல்கலைக்கழகங்களில் அருகிவிடவில்லை. அடக்கம்போல் தோன்றும் இக்கூற்று, உண்மையில் முயலாமைக்குச் சொல்லும் சாக்கேயாகும். நுண்ணிய எக்ஸ் கதிரால் புரதப் பளிங்குகளை ஆராயும் துறையே இதற்குத் தக்க மறுப்பு.

புரதத்தின் வடிவை அறிய விரும்புவோர் அதனைப் பளிங்காக்கி, எக்ஸ் கதிரைச் செலுத்தி, கதிர் சிதறும் கோலத்திலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணிப்பர். ஆயின், பல புரதங்கள் பெரும் பளிங்காக வளர்வதில்லை. கதிர் பளிங்கிலும் அகன்றதாயின், சூழவுள்ள திரவத்தின் சிதறல் பளிங்கின் குறிகளை மூழ்கடித்துவிடும். பிரான்சின் கிரனோபிள் நகரிலுள்ள ஐரோப்பிய சிங்குரோத்திரனில் 1990களில் கதிரைச் சில மைக்ரோன் அளவுக்கு ஒடுக்கினர். தலைமயிரின் பருமனிலும் பன்மடங்கு சிறிய அளவு அது. 1997இல் பக்டீரியோரொடொப்சின் என்னும் சவ்வுப் புரதத்தின் வடிவும், 2007இல் அதிரினலினை ஏற்கும் மனிதப் புரதமொன்றின் வடிவும் இத்தகைய நுண்கதிராலேயே துலங்கின.

இதன் உட்பொருள் யாது? பெரும் பளிங்கு வேண்டும் என்ற நிபந்தனை தளர்ந்துவிட்டது. பொறியும் எம் முற்றத்தில் இருக்க வேண்டியதில்லை. திரவ நைதரசனில் உறையவைத்த பளிங்குகளை அனுப்பிவிட்டு, பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து கணினிவழி ஆய்வை நடத்துகின்றனர். பொது ஆய்வுக்குரிய நேரம் விண்ணப்பத்தின் தகுதி நோக்கியே பகிரப்படுகின்றது. தகுதியான வினாவும் தகுதியான பளிங்குமே எம்மிடம் கேட்கப்படுகின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொலாஜன் புரதத்தின் முப்புரி வடிவை முன்மொழிந்தபோது அவர்களிடம் சிங்குரோத்திரன் இருக்கவில்லை. இருந்தவை எளிய கருவிகளும் விடாமுயற்சியுமே. சிதம்பரத்திற் பிறந்த வெங்கி இராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசு பெற்றதை மேடைகளில் முழங்கும் நாம், அத்தகையோர் எம்மிடையே இருந்து உழைப்பதற்கு என்ன செய்தோம்? பிறப்பிடம் பற்றிய பெருமை ஆய்வுகூடமாகிவிடாது.

இது வெறும் மதிப்புப் பற்றிய வாதமன்று. வாழைச்சேனையைச் சூழ்ந்த வயல்களில் உழைப்போர்க்குப் பாம்புக்கடி அன்றாட அச்சம். இலங்கை நெடுங்காலமாக நம்பியிருக்கும் நஞ்சுமுறி மருந்தோ இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு ஆக்கப்பட்டது. எம் நிலத்துப் பாம்புகளின் நஞ்சோ அதனின்றும் வேறுபடுவதுண்டு. நாகப்பாம்பு வகையினவற்றின் நச்சுப் புரதங்களை முறிக்கும் புதிய புரதங்களைக் கணினியால் வடிவமைத்து, பளிங்கு ஆய்வால் சரிபார்த்த செய்தி 2025இல் வெளியாயிற்று. எம் பாம்பின் நஞ்சை எம்மையன்றி யார் அக்கறையுடன் ஆராய்வர்?

செலவு உண்டென்பதை மறுக்கவில்லை. புரதத்தைத் தூய்மையாக்கலும் பளிங்கு வளர்த்தலும் பொறுமையும் பயிற்சியும் வேண்டுவன. ஆனால் அச்செலவு சிங்குரோத்திரனின் செலவன்று. ஒரு பல்கலைக்கழகம் தாங்கக்கூடியதே. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் இப்பணிக்கு ஏற்ற இடம். இதனைக் கோருவது விஞ்ஞானபீடத்தார்க்கு மட்டும் உரியதன்று. கலைப்பீடத்து மாணவராகிய நாமும் உரத்துக் கோருவோம். வயலில் கடியுண்டவன் எந்தப் பீடத்தைச் சேர்ந்தவன் என்று பாம்பு கேட்பதில்லை.