20 ஆயிரம் டாலர் ஹைபிரிட் எங்கே போனது?

கம்ப்யூட்டர் வாங்கப் போனவர்களுக்கு இந்த அனுபவம் கட்டாயம் இருக்கும். விளம்பரத்தில் ஒரு விலை போட்டிருப்பார்கள். கடையில் கேட்டால் அந்த மாடல் இப்போது வருவதில்லை என்பார்கள். ராம் கூடுதலாக, ஸ்கிரீன் பெரிதாக இன்னொரு மாடல் இருக்கிறது, விலை கொஞ்சம்தான் கூட என்பார்கள். நமக்கு அந்தப் பெரிய ஸ்கிரீன் தேவையா என்று யாரும் கேட்பதில்லை. இதே கதைதான் அமெரிக்காவில் ஒரு சின்ன பிக்கப் டிரக்குக்கு நடந்துள்ளது. அதன் பெயர் ஃபோர்டு மேவரிக்.

2021 ஜூனில் இதை அறிமுகம் செய்தபோது ஆரம்ப விலை 19,995 டாலர். டெலிவரிக் கட்டணம் தனி. அமெரிக்காவில் பிக்கப் என்றாலே பெரிய உடம்பும், பெட்ரோல் குடிக்கும் இன்ஜினும், அதற்கேற்ற விலையும்தான். அங்கே 20 ஆயிரம் டாலருக்குள், அதுவும் ஹைபிரிட் இன்ஜினுடன் ஒரு டிரக் என்றதும் கூட்டம் குவிந்தது. 2022 ஜனவரியிலேயே அந்த ஆண்டு மாடலுக்கு ஆர்டர் வாங்குவதை நிறுத்தி விட்டார்கள். (அதுவரை ஃபோர்டு அங்கே மலிவாக விற்றுவந்த எகோஸ்போர்ட், நம் மறைமலை நகரிலிருந்து கப்பலேறிப் போனது என்பது பலருக்குத் தெரியாது.)

கம்ப்யூட்டர் இதழில் டிரக் எதற்கு என்று கேட்கலாம். ஹைபிரிட் வண்டி என்பது பாதி கம்ப்யூட்டர். மேவரிக்கில் 2.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினும் இரண்டு மின் மோட்டார்களும் உள்ளன. இவற்றை ஒரு பல்சக்கரத் தொகுதி இணைக்கிறது. நாம் வழக்கமாகப் பார்க்கும் ஐந்து, ஆறு கியர்கள் இதில் கிடையாது. எந்த நேரத்தில் இன்ஜின் இழுக்க வேண்டும், எப்போது மோட்டார் இழுக்க வேண்டும், எப்போது இன்ஜினை அணைத்து விடலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது சாப்ட்வேர்தான். பிரேக் பிடித்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை சார்ஜ் செய்கிறது. அந்த பேட்டரி சுமார் 1.1 கிலோவாட் அவர் அளவுதான். அதைக் கொண்டே 2022 மாடல், அமெரிக்க அரசின் கணக்குப்படி ஊருக்குள் கேலனுக்கு 42 மைல், நெடுஞ்சாலையில் 33 மைல், சராசரியாக 37 மைல் கொடுத்தது. நம் கணக்கில் லிட்டருக்கு 15.7 கிலோமீட்டர். நெரிசலில் நின்று நின்று போகும்போது மைலேஜ் கூடுகிறது என்பது சாதாரண வண்டியில் நடக்காத காரியம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது வேறு. பேசிக் மாடலை பேசிக் மாடலாகவே கொடுத்தார்கள். இரும்புச் சக்கரம், சாவி போட்டுத் திருப்பும் இக்னிஷன், 8 அங்குல ஸ்கிரீன். குரூஸ் கண்ட்ரோல்கூட இல்லை. ஆனால் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியில் 12 வோல்ட் ஒயர்களை இழுத்து வைத்து மூடியிருந்தார்கள். விளக்கோ வேறு எதுவோ நீங்களே மாட்டிக் கொள்ளலாம். பின் சீட்டுக்காரர்களுக்காக ஒரு செருகும் பள்ளம் வைத்து, அதன் அளவுகளையும் வெளியிட்டார்கள். 3டி பிரிண்டர் வைத்திருப்பவர் தனக்கு வேண்டிய கப் ஹோல்டரையோ கொக்கியையோ தானே பிரிண்ட் செய்து செருகலாம். மதர்போர்டில் காலி ஸ்லாட் விட்டு விற்பது போல. வாங்கிய பிறகு வசதிக்கேற்ப அப்கிரேட் செய்யலாம் என்ற எண்ணத்தோடு செய்த வண்டி அது.

சரி, வாங்கியவர்கள் என்ன கேட்டார்கள்? டெக்சாசில் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன் ஒருவன் 2022 ஹைபிரிட் வைத்திருக்கிறான். அவனிடம் கேட்டால் பட்டியலே வரும். நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும், 2,000 பவுண்டுக்கு மேல் டிரெய்லர் இழுக்க வேண்டும், போனை ஒயர் இல்லாமல் இணைக்க வேண்டும், சுற்றிலும் கேமரா வேண்டும். முதல் மாடலில் நான்கு சக்கர இழுவையும் 4,000 பவுண்டு டிரெய்லரும் சாதாரண டர்போ இன்ஜினுக்கு மட்டுமே கிடைத்தன. எனவே அந்தக் கோரிக்கை நியாயமானதே.

2025 மாடலில் இவை எல்லாமே வந்து விட்டன. விலையும் வந்தது: 26,295 டாலர்.

இடையில் 2024 மாடலில் ஒரு வேலை செய்தார்கள். டர்போ இன்ஜினை பேசிக் ஆக்கி, ஹைபிரிட்டுக்கு 1,500 டாலர் தனியாக வாங்கினார்கள். இதற்குக்கூட ஒரு கணக்கு சொல்லலாம். டர்போ சராசரியாக 26 மைல், ஹைபிரிட் 37 மைல். ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டினால் சுமார் 170 கேலன் மிச்சம். கேலன் 3 டாலர் என்று வைத்தால் மூன்று ஆண்டுகளில் கொடுத்த பணம் திரும்பி விடும். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகள் சும்மா கிடைத்த ஒன்றுக்குத் தனி விலை என்பதுதான் வாங்குபவரை உறுத்தும்.

மொத்த உயர்வு 6,300 டாலர். அதாவது 31 சதவீதத்துக்கும் மேல். அதே காலத்தில் அமெரிக்காவில் பொதுவான விலைவாசி ஏறியது ஏறத்தாழ 16 சதவீதம். விலைவாசி அளவுக்கு மட்டும் ஏறியிருந்தால் வண்டி சுமார் 23,200 டாலருக்குக் கிடைத்திருக்க வேண்டும். மீதி 3,000 டாலர் எங்கே போகிறது? ஒரு பங்கு நிச்சயம் டாஷ்போர்டில் உட்கார்ந்திருக்கிறது. 2025 முதல் எல்லா மாடலிலும் 13.2 அங்குல டச் ஸ்கிரீன், டிரைவர் முன்னால் 8 அங்குல டிஜிட்டல் மீட்டர். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

என் கருத்து வேறுபாடு இங்கேதான். நான்கு சக்கர இழுவையை ஆப்ஷனாக வைத்தார்கள். டிரெய்லர் இழுக்கும் வசதியும் ஆப்ஷன்தான். வேண்டியவர் காசு கொடுத்து வாங்குகிறார், மற்றவருக்குச் சுமை இல்லை. ஸ்கிரீனை மட்டும் எல்லோர் தலையிலும் கட்டி விட்டார்கள். சாப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு வண்டியில் முதலில் பழசாவது ஸ்கிரீனும் அதன் பின்னால் இருக்கும் பிராசசரும்தான். இன்ஜின் 15 ஆண்டு ஓடும். அந்த பிராசசருக்கு அப்டேட் 15 ஆண்டு வருமா? வரைபடமும் பாட்டும் எப்படியும் உங்கள் போனிலிருந்து வருகின்றன. போனை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறோம், டாஷ்போர்டை மாற்ற முடியாது. ஸ்கிரீனே இல்லாமல் வண்டி விற்க முடியாது என்பது உண்மை. 2018 மே முதல் அங்கே எல்லாப் புதிய கார்களிலும் ரிவர்ஸ் கேமரா சட்டப்படி கட்டாயம். அதற்கு பழைய 8 அங்குலம் தாராளமாகப் போதும்.

விலை ஏற இன்னொரு காரணம், பக்கத்தில் போட்டிக்கு ஆள் இல்லை. ஹூண்டாய் சாண்டா குரூஸ் இதே அளவு வண்டிதான், ஆனால் ஹைபிரிட் கிடையாது. டொயோட்டா டகோமாவில் ஹைபிரிட் உண்டு, ஆனால் அது அளவிலும் விலையிலும் பெரியது. வெளிநாட்டு டிரக்குகளுக்கு 1964 முதல் 25 சதவீத வரி இருப்பதால் ஜப்பானிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ சின்ன டிரக்கை இறக்கி விற்க யாரும் துணிவதில்லை. மேவரிக் தயாராவது மெக்சிகோவின் எர்மோசியோ நகரில். வட அமெரிக்க ஒப்பந்தத்தால் அந்த வரியிலிருந்து தப்பித்து வந்தது. 2025-ல் வந்த புதிய கார் வரி மெக்சிகோவையும் பிடித்துக் கொண்டது. அதே ஆண்டு மே மாதம் மெக்சிகோவில் தயாராகும் மூன்று மாடல்களுக்கு 2,000 டாலர் வரை விலை கூட்டினார்கள். மேவரிக் அதில் ஒன்று. இதற்கு எந்த அப்கிரேடும் கிடைக்கவில்லை.

இனி என்ன அப்கிரேட் வரலாம்? என்னைக் கேட்டால் ஒன்றே ஒன்று, கரண்ட். மேவரிக்கில் இப்போது கிடைக்கும் பிளக் பாயிண்ட் 400 வாட்ஸ்தான். ஒரு கம்ப்யூட்டரும் மானிட்டரும் ஓடும், அதற்கு மேல் தாங்காது. இதே கம்பெனியின் பெரிய எஃப்-150 ஹைபிரிட்டில் 2.4 கிலோவாட் சாதாரணமாகவே கிடைக்கும், ஆப்ஷனாக 7.2 கிலோவாட் வரை. 2021 பிப்ரவரியில் டெக்சாசில் பனியால் மின்சாரம் போனபோது, கடையில் நின்ற எஃப்-150 ஹைபிரிட்களை மக்களுக்கு இரவல் கொடுக்கச் சொல்லி டீலர்களை ஃபோர்டு கேட்டுக்கொண்டது. யு.பி.எஸ். பேட்டரிக்குப் பணம் கொடுத்துப் பழகிய நமக்கு இதன் அருமை புரியும். ஹைபிரிட்டில் ஜெனரேட்டர் ஏற்கெனவே உள்ளது. தேவை கொஞ்சம் பெரிய இன்வெர்ட்டர். அதையும் ஆப்ஷனாகவே வைக்கலாம். 13.2 அங்குல ஸ்கிரீனை வேண்டாம் என்பவருக்கு அந்தக் காசில் இதைக் கொடுத்தாலும் சரி.

மலிவு டிரக் என்ற எண்ணம் முழுவதும் செத்து விடவில்லை. ஸ்லேட் என்ற புதிய கம்பெனி 2025 ஏப்ரலில் ஒரு சின்ன மின்சார பிக்கப்பைக் காட்டியது. டச் ஸ்கிரீன் இல்லை, ஸ்பீக்கர்கூட இல்லை, உங்கள் போனை வைக்க ஒரு ஸ்டாண்ட் உண்டு. மற்றவை பிறகு வாங்கி மாட்டிக் கொள்ளலாம். ஃபோர்டும் 2025 ஆகஸ்டில், சுமார் 30,000 டாலரில் நடுத்தர அளவு மின்சார பிக்கப்பை 2027-ல் கொண்டு வருவதாக அறிவித்தது. அந்த 30,000 எந்த மாடலுக்கு, அந்த விலை எத்தனை மாதம் நிற்கும் என்பதை மேவரிக் வாங்கியவர்கள் கவனமாகப் பார்ப்பார்கள்.