இழுத்து விட்டாற் போதும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை அயல்வீட்டுத் தலைமையாசிரியர் நம்மை அவசரமாக அழைத்தார். அவர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளாயினும் ஊருக்கு இன்றும் தலைமையாசிரியரே. சென்று பார்த்தால் அவருடைய பேத்தி, பதின்மூன்று வயதுச் சிறுமி, கணனியின் முன்னே அமர்ந்திருந்தாள். காலஞ்சென்ற அம்மம்மாவின் சமையற் குறிப்பேட்டை விடுமுறை நாட்களிலே பக்கம் பக்கமாகத் தட்டெழுதி, பலகாரங்களின் படங்களையும் சேர்த்து, ஒரு கோப்புறையில் வைத்திருந்தாள். ஒடியற் கூழிலிருந்து பயற்றம் பணியாரம் வரை ஒன்றும் விடுபடவில்லை.

"பாருங்கோ மாமா" என்றவள், சுட்டியால் அந்தக் கோப்புறையைப் பிடித்து, திரையிலே தெரிந்த ஒரு கட்டத்துள் இழுத்து விட்டாள். அரை நிமிடமும் ஆகவில்லை. ஓர் இணைய முகவரி வந்து நின்றது. அன்றிரவே ரொறொன்ரோவிலுள்ள அவளுடைய பெரியம்மா, பயறு வறுக்கும் பக்குவத்தைத் தம் கைத்தொலைபேசியில் வாசித்துக் கண்கலங்கினாராம்.

"இப்படியும் ஒரு காலம் வரும் என்று நினைத்தோமா?" என்றார் தலைமையாசிரியர். நாம் தலையை மட்டும் அசைத்தோம். இந்தக் காலம் முன்னரும் வந்தது, வந்து போயிற்று, மீண்டும் வந்திருக்கிறது என்று அந்த மகிழ்ச்சியான வேளையிற் கூற நமக்கு மனம் வரவில்லை. வாசகர்களிடம் கூறலாமன்றோ?

இணையத்தளம் என்பது பிறந்தபோதே எளிமையாகப் பிறந்த ஒன்று. ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள சேர்ன் என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்திலே, 1990ஆம் ஆண்டின் இறுதியில், ரிம் பேர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் நெக்ஸ்ட் என்னும் கணனியில் அதனை உருவாக்கினார். உலகத்தின் முதலாவது இணைய வழங்கியாக நின்றதும் அதே கணனிதான். எவராவது தவறுதலாக நிறுத்திவிடுவாரோ என்று அஞ்சி, 'இதனை நிறுத்தாதீர்' என்னும் பொருள்படச் சிவப்பு மையினால் எழுதிய துண்டு ஒன்றை அதன்மேல் ஒட்டி வைத்திருந்தார்களாம். உலகளாவிய வலையொன்று ஒரு கடுதாசித் துண்டின் காவலில் இருந்தது என்பதை நினைக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது.

அவர் செய்த உலாவியைப் பற்றிப் பலர் அறியாத சங்கதி ஒன்று உண்டு. அது வாசிப்பதற்கு மட்டும் உரியதன்று, எழுதுவதற்கும் உரியது. பக்கத்தைப் பார்ப்பவரே அங்கேயே திருத்தலாம், புதியதும் எழுதலாம். ஆயின் அது நெக்ஸ்ட் கணனியிலன்றி வேறெதிலும் இயங்காது. அக்கணனியோ விலை கூடியது, அரிதானது. ஏனைய கணனிகளுக்கென அவசரமாகச் செய்யப்பட்ட உலாவிகள் வாசிப்பதோடு நின்றுவிட்டன. 1993இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்து, பொதுமக்களைக் கூட்டங் கூட்டமாக இணையத்துக்கு அழைத்து வந்த மொசெயிக்கும் அத்தகையதே. எழுதும் கை இவ்வாறு தொடக்கத்திலேயே கட்டுண்டது.

எழுத விரும்பியவர் என்ன செய்தார்? பக்கம் என்பது சில குறிகள் இட்ட வெறும் எழுத்துக் கோப்பு. வழங்கி என்பது, கேட்பவருக்கு அக்கோப்பை எடுத்துக் கொடுக்கும் கணனி. தபாற்கந்தோரிலே சாளரத்தின் பின்னே நிற்கும் எழுதுவினைஞரைப் போன்றது என்று கொள்ளலாம். கோப்பை அவ்விடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேதான் வில்லங்கம். அதற்கென இருந்த கோப்புப் பரிமாற்ற முறை இணையத்தளங்களுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மூத்தது. 1971இல் அபய் பூஷண் என்ற இந்தியர் அமெரிக்காவில் வகுத்தது. நல்ல முறைதான். ஆனால் வழங்கியின் பெயர், கடவுச்சொல், எந்த அடைவுக்குள் எதனை இடுவது என்று சமையலறைக்குப் பழகிய ஒருவரைத் திணறடிக்கப் போதுமானவை அதில் இருந்தன.

பின்னர், உதவி செய்வதாகச் சொல்லி, ஒவ்வொருவரும் பார்க்க வருந்தோறும் தரவுத்தளத்திலிருந்து பக்கத்தைப் புதிதாகச் சமைத்துக் கொடுக்கும் மென்பொருட்கள் பெருகின. 2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் அவற்றுட் புகழ்பெற்றது. பத்திரிகைக்கும் கடைக்கும் இவை வேண்டியவையே. அதனை நாம் மறுக்கவில்லை. அம்மம்மாவின் குறிப்பேட்டுக்கோ, ஒரு கோப்பைத் தேநீருக்குக் கலியாண வீட்டு அடுப்பை மூட்டிய கதைதான். அடுப்பை மூட்டியவர் அதனைக் காத்தும் இருக்க வேண்டும். மென்பொருளைக் காலாகாலத்திற் புதுப்பிக்காவிட்டாற் கள்வர் புகுந்துவிடுவர்.

இதற்கிடையே எளிய வழியைத் திறந்துவைத்தவர்களும் இருந்தார்கள். 1994இல் கலிபோர்னியாவிலே தொடங்கிய ஜியோசிற்றீஸ் எவருக்கும் இலவசமாக இடங் கொடுத்தது. நகரத்துக்கு அயலூர்கள் போல அதற்கும் அயல்கள் இருந்தன. சினிமாப் பிரியர்களுக்கு ஹொலிவூட், குடும்பத்தாருக்கு ஹார்ட்லண்ட் என்று பெயரிட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் வீட்டிலக்கம் போல ஓர் எண்ணும் வழங்கினார்கள். குடியேறியவர்கள் வம்சாவளியை எழுதினர். வளர்த்த நாயின் படத்தை இட்டனர். இறந்த பிள்ளைக்கு நினைவு மலர் செய்தனர். மினுங்கும் நட்சத்திரங்களும் கண்ணைக் கூசவைக்கும் நிறங்களுமாக அப்பக்கங்கள் அழகிற் பின்தங்கியவை என்று ஏளனஞ் செய்தவர்கள் உண்டு. அழகு வேறு, அன்பு வேறு. 1999இல் யாஹூ கொம்பனி அதனை ஏறத்தாழ 350 கோடி டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து வாங்கிற்று. பத்து ஆண்டுகளின் பின், 2009 ஒக்டோபர் மாதத்திலே, மூடிவிட்டது. ஜப்பானில் மட்டும் 2019 வரை அது உயிருடன் இருந்தது.

மூடுவதற்கு முன் ஆர்க்கைவ் ரீம் என்னும் தொண்டர் குழு இரவு பகலாகப் பிரதி எடுத்து, அடுத்த ஆண்டிலே எவரும் பெறக்கூடியதாக வெளியிட்டது. அவர்கள் பெரும்பகுதியை மீட்டார்கள். முழுவதையும் மீட்க இயலவில்லை. இழந்தவர்களிற் பலர் தம் பக்கங்களை ஜியோசிற்றீஸ் தந்த கருவியைக் கொண்டு அங்கேயே அமைத்தவர்கள். வீட்டிலே மூலப்பிரதி இல்லை.

இழுத்து விடுவதும் புதிதன்று. 1984இல் வெளிவந்த மக்கின்ரோஷ் கணனியில் அது இருந்தது. 2000ஆம் ஆண்டில் அதே அப்பிள் கொம்பனியார், தம் ஐடிஸ்க்கிலே ஒரு கோப்புறையை வைத்து, அதற்குட் பக்கத்தைப் போட்டால் உலகம் பார்க்கும் என்று ஏற்பாடு செய்தனர். முதலில் இலவசம், 2002இற் கட்டணம், 2012இல் மூடுவிழா. ட்ரொப்பொக்ஸ் தந்திருந்த பொதுக் கோப்புறையையும் பலர் இவ்வாறே பயன்படுத்தினர். அதுவும் 2017இல் நின்றுபோயிற்று. இன்று நெற்லிஃபை ட்ரொப் அதே வித்தையைக் காட்டுகிறது. 2013இல் எழுந்த நியோசிற்றீஸோ பெயரிலேயே பழைய உறவைச் சொல்லிக்கொள்கிறது.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? பக்கத்தின் இயல்பு மாறவில்லை என்பதே காரணம் என்று கருதுகிறோம். சேர்ன் நிலையத்தார் 2013இல் தமது முதலாவது தளத்தைப் பழைய முகவரியிலேயே மீள நிறுவினர். இன்றைய உலாவிகள் அதனைத் தயக்கமின்றித் திறக்கின்றன. ஏன் திரும்பத் திரும்பப் போகிறது? இடமும் மின்சாரமும் ஒருவர் தலையிலும் பயன் வேறொருவர் கையிலும் இருப்பதால். இலவச இடமென்றால் வங்கியின் போலிப் பக்கத்தை அமைக்கும் ஏமாற்றுக்காரரும் வந்து சேருவர். அவர்களைத் துரத்தும் செலவும் இடங் கொடுத்தவருடையதே.

மறுநாள் நாம் தலைமையாசிரியரிடம் இவற்றிற் சிலவற்றைப் பக்குவமாகக் கூறினோம். முகங் கறுத்துவிட்டார். பேத்தியோ அசையவில்லை.

"அங்கை போனது பிரதிதானே மாமா. கோப்புறை இஞ்சை இருக்கு" என்றாள்.

உண்மைதான். இழுத்து விடும்போது மூலம் வீட்டை விட்டுப் போவதில்லை. ஜியோசிற்றீஸ் குடிகளிற் பலருக்கு வாய்க்காத பாதுகாப்பு இந்தச் சிறுமிக்கு அவள் அறியாமலே வாய்த்திருந்தது. எனினும், குறித்த காலத்துட் கணக்கொன்றைத் திறந்து உரிமை கோராவிட்டாற் பக்கம் அகற்றப்படும் என்று அங்கே சிறிய எழுத்தில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை. அதனைக் காட்டினோம், தாயாரின் பெயரில் உடனே திறந்தாள். தலைமையாசிரியர் கடைக்குச் சென்று இரண்டு பென்ட்ரைவ் வாங்கி வந்தார். ஒன்றிலே கோப்புறையைப் பிரதி செய்து, எண்ணெய்க்கறை படிந்த அந்தக் குறிப்பேட்டுடன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். மற்றது ரொறொன்ரோவுக்காம்.

பணியாரப் பக்கத்திலே கறையினால் மறைந்த ஒரு சொல்லுக்குச் சிறுமி கேள்விக்குறி இட்டிருந்தாள். செவ்வாய்க்கிழமை பெரியம்மா தொலைபேசியில் அழைத்து, அது சீரகம் என்றாராம். திருத்திய கோப்புறையை அன்றிரவே மறுபடியும் இழுத்து விட்டாள்.