டோஃப்ரெக் மேசையில் நம்மாளுக்கு என்ன மார்க்கு?

‘சும்மா விளையாட்டுதானே, இதுல என்னய்யா அரசியல்?’ என்று கேட்கிறவர்களோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன். சின்ன வயதில் ஊர்த்தெருப் பையன்களோடு சடுகுடு ஆடியிருக்கிறேன். பாடி வருகிறவன் எங்களைத் தொடமாட்டான். காற்றில் கையை வீசிவிட்டு ‘அவுட்டு’ என்பான். நாங்களும் வெளியே போய் உட்காருவோம். அதுவும் விளையாட்டுதான். கோடு கிழிக்கிறவன் யார், மார்க்கு போடுகிறவன் யார் என்ற கேள்வி இல்லாத விளையாட்டை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது சொல்ல வருவது வேறொரு விளையாட்டு. இங்கிலாந்தில் படிக்கப்போன இடத்தில்தான் அதை முதல்முறை ஆடினேன். பொம்மைப் போர். ஒரு பெரிய மேசை, அதன்மேல் மணல்நிறத் துணி, பாசியாலும் பஞ்சாலும் செய்த புதர்கள், சுண்டுவிரலில் பாதி உயரத்துக்குச் சிப்பாய்ப் பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் பித்தான் வரைக்கும் வண்ணம் தீட்டியிருப்பார்கள். இஞ்சு டேப்பால் அளந்து பொம்மையை நகர்த்த வேண்டும். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பக்கத்துச் சிப்பாய் செத்தால் இவன் நின்று சண்டை போடுவானா, ஓடுவானா என்பதையும் பகடைதான் சொல்லும். ஆனால் அந்தப் பகடையில் எத்தனை விழுந்தால் ‘நின்றான்’, எத்தனை விழுந்தால் ‘ஓடினான்’ என்பதை ஒரு தாள் சொல்லும். அந்தத் தாளைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

இது குழந்தைகள் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 1824-இல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி வரைபடமும் பகடையும் வைத்து உருவாக்கிய போர்விளையாட்டு, அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்தது. அதை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தவர்களில் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் முக்கியமானவர். ‘சின்னப் போர்கள்’ என்று 1913-இல் அவர் புத்தகமே போட்டார். நிஜப் போரைவிட இது எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. அடுத்த வருஷமே நிஜப் போர் வந்துவிட்டது. இந்த விளையாட்டில் ‘காலனியப் போர்கள்’ தனிக் கிளையாக வளர்ந்திருக்கிறது. ஜூலு நாடு, ஆப்கன் எல்லை, சூடான். கொஞ்சம் வெள்ளைக்காரன், கையில் நல்ல துப்பாக்கி. எதிரே ஏராளமான ‘நேட்டிவ்’, கையில் ஈட்டி. பார்க்க அழகாக இருக்கிறது என்று ஆடுகிறவர்களே சொல்கிறார்கள். யார் கண்ணுக்கு அழகு என்று கேட்டால் முகம் கொஞ்சம் மாறுகிறது.

என்னைக் கூப்பிட்டவர் ஓய்வுபெற்ற பெரியவர், தங்கமான மனிதர். தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து உட்காரவைத்தார். நான் மதராஸ்காரன் என்று தெரிந்துகொண்டு, ‘இன்னிக்கு உங்க ஊர்க்காரங்க இருந்த சண்டையையே ஆடலாம்’ என்றார். டோஃப்ரெக் என்றார். எனக்குத் திக்கென்றது. அந்தப் பெயரை நான் பாட்டி வாயால் கேட்டதில்லை. ஆனால் ‘சேப்பர்’ என்ற பெயரைக் கேட்டிருக்கிறேன். எங்கள் சேரியில் ஒரு வீட்டுக்குப் பேரே சேப்பர் வீடு.

மதராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்பது பாலம் கட்டுவது, பாதை போடுவது, கோட்டைச் சுவரை வெடிவைத்துத் தகர்ப்பது ஆகிய வேலைகளுக்கான படை. பறையர்களும் கிறித்தவர்களும் கணிசமாக இருந்த படை. பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் இன்றைக்கும் அதன் வாரிசு இருக்கிறது. அந்தச் சிப்பாய்களுக்கு ‘தம்பி’ என்ற பேர் இன்னும் போகவில்லை. இந்தத் தம்பிகளின் ஒரு கம்பெனியை 1885-இல் சூடானின் செங்கடல் துறைமுகமான சுவாக்கினுக்குக் கப்பலேற்றினார்கள். அந்த வருஷம் ஜனவரியில் கார்ட்டூமில் ஜெனரல் கார்டன் கொல்லப்பட்டிருந்தார். சுவாக்கினிலிருந்து பெர்பருக்கு ரயில் பாதை போட வேண்டும், குறுக்கே நிற்கும் உஸ்மான் திக்னாவின் ஹதெந்தோவா மக்களை விரட்ட வேண்டும் என்பது திட்டம்.

மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. சுவாக்கினுக்குச் சில மைல் தள்ளி, புதர்க்காட்டில், ஜெனரல் மெக்நீல் தலைமையில் வந்த படை ‘ஸரீபா’ கட்டிக்கொண்டிருந்தது. ஸரீபா என்றால் வேறொன்றுமில்லை, நம்மூரில் ஆட்டுப்பட்டிக்குப் போடுகிற முள்படல். முள்மரத்தை வெட்டு, இழுத்து வா, சுற்றி அடுக்கு. வெட்டப்போனவர்களில் நம் தம்பிகள் முன்னால் நின்றார்கள். கையில் கோடரி. அந்த நேரத்தில்தான் ஹதெந்தோவா பாய்ந்தார்கள். படல் பாதிகூட முடியவில்லை. சண்டை நடந்தது சுமார் இருபது நிமிஷம். ஹதெந்தோவாவில் ஆயிரம் பேருக்கு மேல் செத்ததாக வெள்ளைக்காரன் கணக்கு. அவர்கள் நிலத்தில், அவர்கள் முள்மரத்தடியில். பர்க்ஷையர் ரெஜிமெண்டுக்கு இந்தச் சண்டைக்காக ‘ராயல்’ பட்டம் கிடைத்தது. அந்த ரயில் பாதை என்ன ஆயிற்று? கொஞ்ச தூரம் போட்டார்கள். அதே வருஷம் கைவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்கள்.

இப்போது தாளுக்கு வருகிறேன். பெரியவரே டைப் அடித்து வைத்திருந்த தாள். பர்க்ஷையர் ‘ஏ’. கடற்படைச் சிப்பாய் ‘ஏ’. 15-ஆம் சீக்கியர் ‘ஏ’. 28-ஆம் பம்பாய் ‘பி’. 17-ஆம் வங்காளம் ‘டி’. அது அன்றைக்கு நிஜமாகவே கலைந்து ஓடிய ரெஜிமெண்ட். கடைசியில் மதராஸ் சேப்பர்: ‘டி, வேலையாட்கள்’. எதிரி நெருங்கினால் பகடையில் ஐந்தோ ஆறோ விழுந்தால்தான் நிற்பான். மதராஸ் சேப்பருக்கென்று தனிப் பொம்மைகூட இல்லை. வேறு ரெஜிமெண்டின் மிச்சப் பொம்மைக்குக் கோடரியை ஒட்டி வைத்திருந்தார்.

‘ஏன் டி?’ என்று கேட்டேன்.

‘அவங்க சண்டைக்காரங்க இல்லையே, வேலை செய்யறவங்கதானே’ என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். இந்தச் சண்டையின் பெயர் அந்தப் படையின் போர்க்கௌரவப் பட்டியலில் இருக்கிறது. வெள்ளைக்காரனே ‘நின்றான்’ என்று எழுதிக்கொடுத்தவனுக்கு, நூற்று முப்பது வருஷம் கழித்து மேசைமேல் ‘ஓடுவான்’ என்று மார்க்கு.

அந்த ‘டி’ எங்கிருந்து வந்தது? பெரியவர் கண்டுபிடித்தது இல்லை. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்கும், பிறகு 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் போட்ட மார்க்கு அது. நெடுங்கால அமைதி தெற்கத்தியானை மெத்தனமாக்கிவிட்டது, போர்க்குணம் போய்விட்டது என்று 1897-இல் வந்த தன் நினைவுப் புத்தகத்தில் எழுதினார். ‘போர்க்குடிகள்’ கோட்பாடு இதுதான். எந்தச் சாதிக்கு ரத்தத்தில் வீரம், எந்தச் சாதிக்கு இல்லை என்று ராணுவமே பட்டியல் போட்டது. மனுவின் பட்டியலை வெள்ளைக்காரன் துப்பாக்கிக்கு மாட்டிக்கொண்டான். மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாய்க் குறைத்தார்கள். மகர்களைச் சேர்ப்பது 1892-இல் நின்றது. இத்தனைக்கும் 1818-இல் கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்றவர்களில் மகர்கள் கணிசம் என்று அவர்களே கல்தூண் நட்டு எழுதியிருக்கிறார்கள். உலகப்போர் வந்தால் மட்டும் ரத்தம் மாறிவிடும்! 1917-இல் மகர் பட்டாளம், போர் முடிந்ததும் கலைப்பு. 1943-இல் சமார் ரெஜிமெண்ட், 1946-இல் கலைப்பு. 1941-இல் எழுப்பிய மகர் ரெஜிமெண்ட் தங்கியது. சாகிற வேலைக்கு ஆள் போதவில்லை என்றால் நாம் ‘ஏ’, போதுமென்றால் ‘டி’.

இனி நம்மாட்களோடு கொஞ்சம் பேச வேண்டும். இங்கேதான் எனக்கு அதிகக் கோபம்.

இரண்டு குரல் கேட்கிறது. முதலாவது, சாதி இந்து தேசியவாதியின் குரல்: ‘வெள்ளைக்காரனுக்குச் சேவகம் செஞ்சவங்கதானே நீங்க.’ ஐயா, தண்ணி எடுக்கக் கிணறு தராதவன், தெருவில் செருப்புப் போட விடாதவன், எந்தத் தேசத்துக்கு எங்களைத் துரோகி என்கிறான்? பட்டாளத்தில் சம்பளம் இருந்தது, சட்டை இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சுபேதார். ராணுவப் பள்ளியில் பாடமும் நடத்தியவர். அந்த ஒரு வாசல் திறந்திருந்ததால் வந்த மனிதர் யார் என்பது உலகத்துக்குத் தெரியும். இந்தக் குரலுக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

இரண்டாவது குரல் நம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது: ‘நாங்களும் போர்க்குடிதான், நாங்களும் ஆண்ட பரம்பரைதான், எங்களுக்கும் ஏ போடு.’ இதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1894-இல் கோபால் பாபா வலங்கர் பட்டாளத்தின் கதவைத் திறக்கச் சொல்லி மனு எழுதியபோது, மகர்கள் ஒருகாலத்தில் சத்திரியர்கள் என்றே வாதாட வேண்டியிருந்தது. அன்றைக்கு அவருக்கு வேறு மொழி கிடைக்கவில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இன்றைக்கும் அதே மனுவையா எழுதுவது? அந்த மேசையில் எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. ‘17-ஆம் வங்காளம்தானே ஓடினான், எங்காளு நின்னான்ல’ என்று சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும்? வேறொருவனை ‘டி’-யில் தள்ளி நான் ‘பி’-க்கு ஏறுவேன். தாள் அப்படியே இருக்கும். சாதி என்பதே இந்தத் தாள்தானே!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாளில் ஹதெந்தோவாவுக்கு மார்க்கே கிடையாது. அவர்களுக்கு வேறு விதி: செத்த பொம்மைகளைப் பொறுக்கி மேசை ஓரத்தில் வைத்து மறுபடி இறக்கலாம். செத்தவனே திரும்பவும் வந்து சாவான். வெள்ளைப் பொம்மை செத்தால் செத்ததுதான். அதற்கு ஒரு மதிப்பு உண்டு. எங்க ஊர் ஆடுபுலி ஆட்டத்தில் வெட்டுப்பட்ட ஆடு திரும்பி வராது. இருக்கிற ஆடுகளை வைத்தே புலியைக் கட்டலாம், பொடிசுகளே கட்டும். கரித்துண்டால் தரையில் கோடு கிழித்த ஆட்டத்துக்கு இருக்கிற நியாயம் இந்த மேசைக்கு இல்லை. முடியைக் கேலி செய்து வெள்ளைச் சிப்பாய் அவர்களுக்கு வைத்த பட்டப்பெயரே பொம்மைப் பெட்டிகளில் இன்னும் விலைபோகிறது. உஸ்மான் திக்னாவை நான் புனிதராக்கவில்லை. அவர் குடும்பம் அடிமை வியாபாரம் செய்த குடும்பம். ஆனால் ஈட்டியோடு ஓடிவந்த ஆயிரம் பேருக்கு ஆளுக்கொரு பெயர் இருந்திருக்கும். அவர்களைச் சுட்டதில் நம் தம்பிகளின் தோட்டாவும் உண்டு. நம் வீரத்தைப் பேசும்போது இதை முழுங்கிவிட்டுப் பேசுகிற கட்டுரைகள் எனக்கு வேண்டாம். கோடரி பிடித்தவனும் ஈட்டி பிடித்தவனும் ஒரே முள்மரத்தடியில் செத்தார்கள். லண்டனில் இருந்தவனுக்கு அந்த முள்மரத்தின் பெயர்கூடத் தெரியாது.

ஆட்டம் நடுவில் என் முறை வந்தபோது பெரியவரிடம் இரண்டு கேட்டேன். செத்த ஹதெந்தோவா திரும்பி வரக்கூடாது. ஏ, பி, டி கிடையாது, எல்லோருக்கும் ஒரே எண். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அப்ப சண்டை வரலாறு மாதிரி இருக்காதே’ என்றார். ஒரே ஒரு முறை ஆடிப்பார்ப்போம் என்றேன். ஆடினோம். பர்க்ஷையரில் பாதி ஓடியது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் மட்டும் ‘இது நியாயமில்லை’ என்று எழுந்துபோனார்.

வேலூர்ப் பக்கம், கோலார் தங்கவயல், பெங்களூர் கண்டோன்மெண்ட் — இந்த இடங்களில் இருக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். சேப்பர் குடும்பம் என்று தெரிந்தால் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு வெள்ளிப் பதக்கம் இருக்கலாம்: ஒருபக்கம் ராணி விக்டோரியா, மறுபக்கம் ஸ்பிங்க்ஸ், ரிப்பன் நீலமும் வெள்ளையுமாய்ப் பட்டை பட்டையாக. அதன்மேல் சின்னப் பட்டயத்தில் ‘டோஃப்ரெக்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். எடைக்குப் போட்டுவிடப் போகிறார்கள். அதற்குமுன் பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு எண்ணும், பதவியும், ஆளின் பெயரும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். தேய்ந்திருந்தால் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். அவர் எந்த ஊர், எந்தத் தெரு, திரும்பி வந்தாரா, வந்தபின் ஊர்க்கிணற்றில் தண்ணீர் எடுக்க விட்டார்களா என்று வீட்டுக் கிழவிகளிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.