பாடகி பாடாத பாட்டு

இங்கிலாந்தின் நாட்டார் பாடகி எமிலி போர்ட்மன் அம்மையாருக்கு 2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இரசிகர் ஒருவரிடமிருந்து பாராட்டுச் செய்தி ஒன்று வந்தது. புதிய இசைத்தொகுதி சிறப்பாக அமைந்துள்ளது என்பதே செய்தி. அம்மையாரோ அப்போது எதனையும் வெளியிட்டிருக்கவில்லை. தேடிப் பார்த்தபோது, 'ஓர்க்கா' என்னும் தொகுதியொன்று ஸ்பொட்டிபை முதலிய இணைய இசைத்தளங்களில் தம் பெயரிலேயே உலவக் கண்டார். குரல் அவர் குரலை ஒத்திருந்தது. தலைப்புகளும் அவரே சூட்டியிருக்கக்கூடியவை. தம் பழைய பாட்டுகளைக் கொண்டு பயிற்றப்பட்ட செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தின் வேலை அது என்பது அவர் துணிபு.

முறைப்பாடு செய்து அதனை ஸ்பொட்டிபையிலிருந்து அகற்றுவிக்க மூன்று வாரங்கள் சென்றன. அதே பெயருடைய வேறொரு கலைஞரின் தொகுதி தவறுதலாக இவர் பக்கத்திற் சேர்ந்துவிட்டது என்று நிறுவனம் விளக்கம் கூறிற்று. பெயரும் குரலும் நடையும் ஒருங்கே ஒத்த இன்னொருவர் இருந்தார் என நம்புவதற்கு நிரம்பப் பெருந்தன்மை வேண்டும்.

கோடிக்கணக்கானோர் கேட்கும் களியாட்டப் பாடகர் எவரையும் விட்டு, இவரைப் பற்றியது ஏன்? அம்மையாரின் இசை அடங்கிய இசை. கொன்சர்ட்டினா, பன்ஜோ போன்ற சில கருவிகளே துணை, குரலுக்கே முதலிடம். 2015இல் வெளிவந்த 'கொறக்கிள்' என்னும் தொகுதி - அச்சொல் பரிசல் போன்றதொரு சிறு தோணியைக் குறிக்கும் - பிறப்பையும் இழப்பையும் எண்ணிப் பார்ப்பது, தனித்திருந்து கேட்கவேண்டுவது. அதன்பின் பத்தாண்டுகளாக அவர் தனித்தொகுதி எதனையும் தரவில்லை. இத்தகைய கலைஞருக்கு ஆண்டுக்கணக்கான மௌனமும் ஆக்கத்தின் ஒரு பகுதியே. காத்திருந்த இரசிகர் வந்ததை ஐயுறாது ஏற்பர். காவல்நின்று பார்க்கப் பெரிய கம்பனியும் இல்லை. போலி அந்த மௌனத்திற்குள்ளேதான் புகுந்தது.

ஆனால் ஓரிடத்தில் இயந்திரம் தன்னைக் காட்டிக்கொடுத்தது. சுருதி எங்கும் பிசகவில்லை. அத்துணைத் துல்லியமாகத் தம்மாற் பாட இயலாது, பாட விரும்பவுமில்லை என்று அம்மையார் கூறியது தன்னடக்கம் அன்று; தம் கலையைப் பற்றிய தெளிவு.

நாட்டார் பாடல் எவருக்கும் உரியதன்று, வாய்க்கு வாய் மாறி வளர்வது. இயந்திரமும் இன்னொரு வாய் என்று கொண்டால் என்ன என வாதிடுவோர் உளர். வாதம் கேட்க இனிமையாக இருக்கிறது. 1882 முதல் 1898 வரை சைல்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் வெளியிட்ட 305 கதைப்பாடல்களின் தொகுப்பைப் புரட்டிப் பார்த்தால் அதன் ஓட்டை தெரியும். ஒரே பாட்டின் பல வடிவங்களைத் தந்த அவர், இயன்றவரை எந்த ஊரில், எவரிடமிருந்து பெறப்பட்டதென்பதையும் குறித்துச் சென்றார். பாட்டை ஆக்கியவர் பெயர் தெரியாதிருக்கலாம், பாடியவரை ஊரறியும். இங்கு நடந்ததோ நேர்மாறு. ஆளில்லாத பாட்டுக்கு உயிருள்ள ஒருவரின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள்.

இதனால் எவருக்கு என்ன இலாபம்? ஒரு சிறு பாடகியின் பெயரால் வருவது சொற்பமே. ஆயினும், செலவின்றி ஆயிரமாயிரமாக ஆக்கக்கூடியவனுக்குச் சிறுதுளி பெருவெள்ளம். வட கரோலினாவைச் சேர்ந்த ஒருவர், இத்தகைய பாட்டுகளை இலட்சக்கணக்கிற் குவித்து, அவற்றைக் கேட்பதற்கும் தானியங்கிக் கணக்குகளையே ஏவி, ஒரு கோடி டொலருக்கு மேல் ஈட்டினார் என 2024 செப்டெம்பரில் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. பாடுவதும் இயந்திரம், கேட்பதும் இயந்திரம். பணம் மட்டும் மனிதனுக்கு! ஓராண்டில் ஏழரைக் கோடிக்கு மேற்பட்ட குப்பைப் பதிவுகளை அகற்றியதாக ஸ்பொட்டிபை 2025 செப்டெம்பரில் அறிவித்து, ஆள்மாறாட்டத்திற்கு எதிரான விதிகளையும் இறுக்கியது. நல்லதே. ஆயினும் பாடாத பாட்டைத் தாம் பாடவில்லை என்று நிறுவும் பொறுப்பு அம்மையார் தலையில் விழுந்ததை மறப்பதற்கில்லை.

சட்டத்தின் நிலையோ நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவின் டெனசி மாநிலம் 2024 மார்ச்சில் குரலையும் ஒருவரது உரிமையாகக் காக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இங்கிலாந்திலோ 'ஓர்க்கா' வெளிவந்த காலத்திற் குரலுக்கென்று தனியுரிமை கிடையாது. உரிமையாளர் மறுத்தாலன்றி, அவர் ஆக்கங்களை இயந்திரப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனையையே அங்குள்ள அரசு முன்வைத்திருந்தது. அதனை எதிர்த்து, கேற் புஷ் உட்பட ஆயிரத்துக்கு மேற்பட்ட இசைக் கலைஞர்கள் 2025 பெப்ரவரியில் ஓர் இசைத்தொகுதி வெளியிட்டனர். அதிற் பாட்டில்லை, ஆளற்ற ஒலிப்பதிவுக் கூடங்களின் ஓசை மட்டுமே. பயிற்சிக்கு எவருடைய ஆக்கங்கள் எடுக்கப்பட்டன என்பதை வெளிப்படுத்தக் கோரிப் பிரபுக்கள் சபை கொணர்ந்த திருத்தங்கள் தள்ளப்பட்டு, தரவுச் சட்டம் யூன் மாதத்தில் நிறைவேறியது. அடுத்த மாதம் 'ஓர்க்கா' வெளிவந்தது.