வாழையிலைக் கட்டும் சமூகவியலும்

சமூகவியல் கற்கும் மாணவர் பலர், அத்துறையின் நோக்குகளைப் பெயர் பெயராக மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவித்து விடுகின்றனர். அந்நோக்குகள் ஒரே மக்களை எங்ஙனம் வெவ்வேறாகக் காட்டுகின்றன என அறிய விரும்புவோர்க்கு, நியூகினியின் கிழக்கே உள்ள துரோபிரியாந்துத் தீவுகளை நாம் எடுத்துக்காட்டுவோம்.

போலந்து நாட்டிற் பிறந்த மலினோவ்ஸ்கி என்பார் 1915க்கும் 1918க்கும் இடையில் இருமுறை அங்குச் சென்று, ஊர் நடுவே கூடாரமிட்டு, அம்மக்களின் மொழியைக் கற்று வாழ்ந்தார். ஒவ்வொரு வழக்கமும் யாதேனும் ஒரு தேவையை நிறைவேற்றுகின்றது என்பது அவர் கொண்ட செயற்பாட்டு நோக்கு. கடனீரேரியில் மீன் பிடிப்போர் மந்திரத்தை நாடவில்லை. ஆபத்து நிறைந்த திறந்த கடலுக்குச் செல்வோரோ மந்திரமின்றிப் புறப்படவில்லை. அச்சம் உள்ளவிடத்தே மந்திரமும் உண்டு என அவர் கண்டார். குலா என்னும் பரிமாற்றத்தையும் 1922இல் வெளிவந்த நூலால் உலகறியச் செய்தார். செஞ்சிப்பி மாலைகள் தீவுக்குத் தீவு வலமாகவும், வெண்சிப்பிக் கைவளைகள் இடமாகவும் சுற்றிவரும். எவரும் அவற்றை நெடுங்காலம் வைத்திருத்தல் ஆகாது. உண்ணவும் உடுக்கவும் உதவாத இப்பொருள்களுக்காக ஆடவர் உயிரைப் பணயம் வைத்துத் தோணியேறினர். தீவுகளிடையே நட்பும் மதிப்பும் நிலைப்பது இதனாலேயே என்றார் அவர்.

அதிகாரம் எங்கே எனத் தேடும் முரண்பாட்டு நோக்கினர்க்கு வேறொன்று புலப்படும். அங்குக் குலம் தாய்வழியது. (மட்டக்களப்புக் குடிமுறையை அறிந்தோர்க்கு இது புதிதன்று.) ஒருவன் தான் விளைத்த வள்ளிக்கிழங்கிற் பெரும்பங்கைச் சகோதரியின் கணவனுக்கு அனுப்புதல் கடமை. தலைவனோ பல மனைவியரை மணந்தான். மைத்துனர் பலரின் கிழங்கு அவன் களஞ்சியத்தை நிரப்பிற்று. பெயரளவில் நன்கொடை, உண்மையில் இறை.

இவ்விரு நோக்குகளும் ஆடவரையே கண்டன என்பது எம் கருத்து. 1971இல் அங்குச் சென்ற அமெரிக்க மானிடவியலார் அனெற் வைனர், பெண்கள் காய்ந்த வாழையிலைக் கட்டுகளைக் குவித்துப் பங்கிடுவதைக் கண்டார். இறந்தவரின் தாய்வழிப் பெண்கள், துக்கங் காத்தோர்க்கெல்லாம் அவற்றை ஆயிரக்கணக்கில் அளித்துக் கடன் தீர்ப்பர். மலினோவ்ஸ்கியின் நூல்களில் இதற்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. வைனரோ, 1976இல் வெளியிட்ட நூலில், இதுவே பெண்களின் செல்வம் எனக் காட்டினார். மனைவியின் சகோதரனிடம் கிழங்கு பெற்ற கணவன், அவள் குலத்தில் இறப்பு நேரும்போது தன் பொருளைச் செலவிட்டு அவளுக்காகக் கட்டுகள் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். இறை எனத் தோன்றிய கிழங்கு இங்கே கடனாகின்றது. கடனைக் கேட்டுப் பெறுபவள் மனைவி.

இதனை அறிஞர் உலகம் கணக்கில் எடுக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அக்கட்டுகளோ ஒளித்து வைக்கப்பட்டவை அல்ல. ஊர் நடுவிலேயே குவிக்கப்பட்டு வந்தன.