குளியலறைக்கு இரண்டரை அடி போதாது

அடுக்குமாடி கட்டுபவர்கள் தலைவாசலுக்குத் தேக்கைப் போட்டுவிட்டு உள்கதவுகளில் சிக்கனம் பிடிக்கிறார்கள். படுக்கையறைக்கு ஃப்ளஷ் கதவே போதும்; தட்டிப் பார்த்து, பொந்தாக ஒலித்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளியலறைக்கு மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. கதவு நல்லது, தண்ணீரில் உப்பாது, கரையான் அண்டாது. என் கவலையெல்லாம் அகலம்தான். பல வீடுகளில் குளியலறை வாசல் இரண்டரை அடி. நிலைச்சட்டமும் கதவின் கனமும் போக, மிஞ்சுவது இரண்டடிக்குச் சற்றே அதிகம். பெரும்பாலான சக்கர நாற்காலிகள் அதில் நுழையாது. இடுப்பெலும்பு முறிந்த பாட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அணுகல் வழிகாட்டி கேட்பது 900 மில்லிமீட்டர் திறப்பு. சுவர் எழும்பும்போதே மூன்றரை அடி இடைவெளி விடச் சொல்லுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே யாராவது வழுக்கி விழுந்தாலும் திறக்க முடியும்.